கையை விட்டவர் யார்?

சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகு கொண்டுபோன சின்னான் திரும்பி வந்து சொன்னான்: "நம்ம மாட்டுக் கம்பவுண்டர் போயிட்டாருங்க."

நான் முதலில் கேட்டது, "தண்ணி குடிச்சாரா?"

"ஒரு சொம்பு குடிச்சுப்போட்டுத்தான் படுத்தாராமா. காலையில எந்திரிக்கலீங்க."

துக்கத்துக்கு முன் எனக்கு நிம்மதி வந்தது. கம்பவுண்டர் பழனியப்பனை அறிந்த உங்களுக்கு அதன் காரணம் தெரியும். வெறிநோய் கண்டவர் தண்ணீரைக் கண்டாலே நடுங்குவார். அந்த நோயின் எச்சில் அவர் கையிலும் பட்டிருந்தது. இத்தனை வருடமாக எனக்கு அந்தப் பயம் இருந்தது.

பல வருடங்களுக்கு முன், மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் ராமன் தண்ணீருக்கு அஞ்சித் துடித்தபோது, டோலியில் கீழே தூக்கிப் போனோம். ஆஸ்பத்திரியில் மலைக்காய்ச்சல் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். மலைக்காரன் எதனால் செத்தாலும் அவர்களுக்கு அது மலைக்காய்ச்சல்தான். வழியில் பார்த்த கம்பவுண்டர் டோலிக்குப் பின்னாலேயே மலையேறினார். மனிதருக்கு வைத்தியம் பார்ப்பது அவர் வேலையல்ல. ஆனாலும் ராமனின் உயிர் போகும்வரை அவர்தான் வாயைத் துடைத்துவிட்டார்.

ராமனை எந்த நாயும் கடிக்கவில்லை. கம்பவுண்டர் வேறொன்று கேட்டார்: "இவனூட்டு மாடு ஏதாச்சும் செத்துச்சா சாமி?"

செத்திருந்தது. எருது எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் திணறினால், தொண்டையில் வேர் சிக்கியதென்று கையை விட்டுத் துழாவுவது எங்கள் வழக்கம். அந்த எருதின் மூக்கில் முன்பே நரி கடித்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை.

"கையை வுட்டது யாரு?"

ராமன் விட்டார்; அவர் கை பெரிது, வாயைத் தாண்டித் தொண்டைக்குள் போகவில்லை. அதனால் கை சிறுத்த என் அக்கா பாவாயியைக் கூப்பிட்டார்கள். கேழ்வரகு அறுப்பு நேரம். அவள் விரலெல்லாம் அரிவாள் கீறல்.

"குன்னூருக்குப் போய் வெறிநோய் ஊசி போட்டுக்கோணும் கண்ணு."

"பயிரை ஆருங்க அறுக்கறது?"

"நீ செத்தா அது தன்னால அறுந்துக்குமா?"

குன்னூருக்கு அனுப்பும் சீட்டில் "கடித்த பிராணி" என்று ஓர் இடம் இருந்தது. கடி இல்லையென்றால் சீட்டு இல்லை. கம்பவுண்டர் தயங்காமல் 'எருது' என்று எழுதினார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்கூர் எருது ஆரையும் கடிச்சதில்லீங்க. பொய் எழுதாதீங்க."

"அது வந்து சாட்சி சொல்லாது. பேசாம நட."

அக்காவையும் துணைக்கு என்னையும் சேலத்தில் ரயிலேற்றிவிட்டு அவர் நின்றுகொண்டார். தானும் ஊசி போட்டுக்கொள்ள அவர் விடுப்புக் கேட்டபோது, "உன்னையும் மாடு கடித்ததா?" என்று மேலதிகாரி சிரித்தாராம். விடுப்புக் கிடைக்கவில்லை. பொய்ச் சீட்டு எழுதியதற்கு விளக்கம் கேட்டு ஓலை மட்டும் வந்தது. ராமனைத் திருப்பி அனுப்பியவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்கா பிழைத்தாள். நேற்று செய்தி கேட்டவள், "ஒரு நாளாச்சும் என்னை வையாம பேசியிருப்பாரா அந்த மனுசன்?" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இப்போது செம்மேட்டில் மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. சாவு நடந்த வீட்டார் வந்து, காய்ச்சல் என்று எழுதச் சொன்னால், நான் உடனே பேனாவை எடுப்பதில்லை. முதலில் அவர்களுடைய மாட்டுப்பட்டிக்குப் போய்ப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த நடை.