மூன்றாம் பாகம் யார் கையில்

ஒரு நல்ல புத்தகத்தை எழுதியவருக்கு அதில் பங்கு உண்டு. படித்தவருக்கும் உண்டு. நடுவில் நின்று "இதைப் படி" என்று கை காட்டியவருக்கு? பல்லக்காவிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், வேலை கிடக்கிறது என்று எழுந்து போயிருப்பாள். ஆனால் அவள் வாழ்ந்த விதம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் போலவே இருந்தது. அது அவ்வளவு பெருந்தன்மையான பதில் அல்ல.

பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து தரும் கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. வெளியிலிருந்து வாய் அச்சுகள் வரும். அவற்றில் பிளாஸ்டர் மாவைக் குழைத்து ஊற்றி, இறுகியதும் மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நட வேண்டும். மேல் செட்டை யாரும் செய்துவிடலாம், கீழ் செட்தான் ஆளைச் சோதிக்கும் என்பாள். பட்டப்பெயர் அங்கிருந்து வந்ததுதான். பிறகு தெருவுக்கும் அதுவே பழகிவிட்டது.

பெரிய வாசகி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. வரலாறும் அறிவியல் புனைகதையும் மட்டும்தான் படிப்பாள். அவற்றைப் பற்றி அவள் சொன்ன தீர்ப்புகளில் பாதி அவசரத் தீர்ப்புகள். மாயாஜாலக் கதை என்றால் ஆகவே ஆகாது. "எது வேணாலும் நடக்கலாம்னா அப்புறம் எதுக்குப் பயப்படறது?" என்பாள். யோசித்துப் பார்த்தால் அது மோசமான கேள்வி அல்ல. ஆனால் கேட்டதோடு சரி, அவள் யோசிக்கவில்லை.

அவளுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள். மற்றவர்கள் போனை எடுத்ததும் "சாப்பிட்டியா?" என்பார்கள். இவள் தங்கை "இப்ப என்ன படிக்கிறக்கா?" என்பாள். அந்த ஒரு கேள்விக்காகவே பல்லக்கா படித்தாள் என்று சொன்னால் அது பெரிய மிகையாக இருக்காது. போர்க்களத்தில் செத்துக் கிடந்த சிப்பாய்களின் பல்லைப் பிடுங்கிப் பணக்காரர்களின் வாயில் பொருத்திய காலத்தைப் பற்றி ஒரு வரலாற்று நூல் வந்தபோது, அதை அவள் சொன்ன விதத்தில் தங்கை அன்றைக்குச் சாப்பிடவில்லை. நல்ல இடம் வந்ததும் பல்லக்கா நிறுத்திவிடுவாள். "மிச்சத்த நீயே படி." மறுவாரம் அந்தப் புத்தகம் தங்கையின் வீட்டுக்குப் போய்விடும். இப்படியே அங்கே ஓர் அலமாரி நிறைந்தது.

பூட்டு ரிப்பேர் செய்யும் பல்லக்காவின் கணவர் ஒருநாள் சொன்னார். "நீ சொல்றதக் கேட்டாலே படிச்ச மாதிரிதான் இருக்கு. புத்தகம் எதுக்கு தண்டமா?" அதைப் பாராட்டு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் ஒரு மாலை தங்கையிடமிருந்து போன் வந்தது. வழக்கமான கேள்வி வரவில்லை.

"அக்கா, ஒரு புத்தகம். நீ படிச்சே ஆகணும். வானத்துல போற கப்பல்க்கா. போய்ச் சேரவே ஏழெட்டுத் தலைமுறை ஆகும். பாதி வழியில பொறந்தவங்க எல்லாம் சேர்ந்து..."

"திரும்பிடலாமான்னு ஓட்டுப் போடறாங்க."

"ஐயோ ஆமா! உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான்டி உனக்கு அத வாங்கிக் குடுத்தேன்."

"நீயா? எப்ப?"

"உன் பிறந்தநாளுக்கு."

"அப்படியா? ஞாபகமே இல்லக்கா. இப்ப எங்க நாத்தனார்தான் எடுத்துக் குடுத்தா, இத முதல்ல படிங்க அண்ணின்னு. என்னமா ரசிச்சு சொல்றா தெரியுமா!"

நாத்தனார் என்பவள் தங்கை கணவனின் தங்கை. வானிலை அலுவலகத்தில் வேலை. மாற்றலாகி வந்து அண்ணன் வீட்டில் தங்கியிருந்தாள். பல்லக்கா அன்றே அவளுக்கு மழைக்காரி என்று பெயர் வைத்தாள். கணவரிடம் பேசும்போது வேறு பெயரே வாயில் வரவில்லை.

இல்லாததற்காக ஏங்குகிற பொறாமை ஒன்று உண்டு. தன்னிடம் இருந்தது என்று நம்பியதற்காக எரிகிற பொறாமை இன்னொன்று. இரண்டாவதற்குத் தூக்கம் வராது. போன் வருவது குறைந்தது. வந்தாலும் "என்ன படிக்கிற?" என்று இப்போது கேட்டவள் அக்கா, நீட்டி முழக்கிச் சொன்னவள் தங்கை. "அந்த உலகத்துக்குன்னு ஒரு கணக்கு இருக்குக்கா, அத மீறாம எழுதியிருக்காங்க" என்பாள். இன்னொருத்தர் வாய்க்குச் செய்த செட்டை மாட்டிக்கொண்டு பேசுவது போல் பல்லக்காவின் காதில் அது கடகடத்தது.

தங்கை அப்போது சொல்லிக்கொண்டிருந்தது ஒரு மாயாஜாலக் கதை. ஆறு கீழிருந்து மலைமேல் ஏறும் நாடு, மூன்று பாகங்கள். தங்கையும் மழைக்காரியும் ஒரே வீட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயம் உரக்கப் படித்து இரண்டு பாகத்தை முடித்திருந்தார்கள். மூன்றாம் பாகம் கடைகளில் தீர்ந்துவிட்டது. நூலகத்தில் ஒரே பிரதி. எடுத்துவைக்கச் சொன்னால் எடுத்துவைக்க மாட்டார்கள், முதலில் போனவருக்குத்தான்.

முதலில் போனவள் பல்லக்கா.

"முதல் ரெண்டு பாகமும் படிச்சாச்சா?" என்றார் நூலகர்.

"படிக்காம எடுப்பனா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து முதல் பக்கத்தைப் பிரித்தாள். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக, யாரென்றே தெரியாத ஒருவன் ஆற்றங்கரையில் அழுதுகொண்டிருந்தான். மூடி, சோபா குஷனுக்கு அடியில் வைத்துவிட்டாள். தவணை முடியும் போதெல்லாம் கூடத்துக்குப் போகும் வழியில் இறங்கி நீட்டித்துக்கொண்டு வந்தாள். "அடைகாக்கறியா? எப்பப் பொரியும்?" என்று கணவர் கேட்டார். "பொரிஞ்சா உங்களுக்கும் ஒண்ணு தரேன், பேசாம இருங்க" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னறிவிப்பில்லாமல் தங்கை வந்தாள், மழைக்காரியைக் கூட்டிக்கொண்டு. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பல்லக்காவுக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி.

"வானிலை ஆபீஸ்ல இருக்கறவங்களே குடை இல்லாம வந்தா எப்படிங்க?" என்று துண்டை நீட்டினாள். தன்னைவிட எத்தனையோ வயது சின்னவளுக்கு அந்த 'ங்க' வேண்டுமென்றே போட்டது.

"வாய்ப்பு இருக்குன்னுதான்க்கா சொன்னோம். அந்த வாய்ப்பு எனக்குன்னு நெனைக்கல" என்று சிரித்தாள் அவள். ஒல்லியாக, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள். பல்லக்கா எதிர்பார்த்திருந்த ஆள் இல்லை.

தங்கை நேராகச் சோபாவுக்குப் போனாள். "அங்க வேணாம்மா, ஸ்பிரிங் குத்தும்" என்று கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா, எவனோ ஒரு பாவி அந்த மூணாம் பாகத்த எடுத்துக்கிட்டுத் தரவே மாட்டேங்கறான். போறப்ப எல்லாம் இல்லைங்கறாங்க. அவன் பல்லெல்லாம் கொட்டிப்போக!"

"கொட்டினா என்ன, வீட்டுலயே செஞ்சு மாட்டிக்கலாம்" என்றார் கணவர்.

பல்லக்கா பார்த்த பார்வையில் அவர் டீ போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டார். தங்கைக்கு அவள் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே வெளித் தாழ்வாரத்துக்குப் போனாள்.

மழைக்காரி கொஞ்ச நேரம் துண்டையே மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? அந்தக் கப்பல் கதையில ஓட்டுப் போடறப்ப, அந்தக் கிழவர் மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் கை தூக்க மாட்டாரே. ஏன்க்கா?"

"அத ஏன் எங்கிட்ட கேக்கறீங்க?"

"உங்க புத்தகம்தானே அது. அண்ணி அலமாரில இருக்கறதெல்லாம் நீங்க குடுத்ததுதானாமே. வந்த புதுசுல தூக்கமே வராது எனக்கு. ஒண்ணொண்ணா எடுத்து எல்லாத்தையும் படிச்சேன். பாதிக்கு மேல கவர்கூடப் பிரிக்காம இருந்துச்சு." சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. "அதாவது, அண்ணிக்கு நேரம் கெடைக்கறதில்ல..."

"பல்லு புத்தகம்?"

"ரெண்டு தடவ படிச்சேன்."

"நீங்க இல்ல. அவ?"

மழைக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அக்கா சொல்றதக் கேட்டாலே போதும், அதுவே படிச்ச மாதிரின்னு சொல்லுவாங்க."

கணவர் ஏற்கெனவே சொன்ன வார்த்தைதான். இந்த முறை அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. தாழ்வாரத்தில் தங்கை மழையைப் பற்றி யாரிடமோ சலித்துக்கொள்வது கேட்டது. இத்தனை வருடமும் தங்கையின் தலைக்குள் தன் புத்தகங்கள் வரிசையாக இருப்பதாக நினைத்திருந்தாள். அங்கே இருந்தது தன் குரல் மட்டும்தான். அதுகூடப் பரவாயில்லை என்று வேறு யாராவது இருந்தால் நினைத்திருப்பார்கள். மழைக்காரி எடுத்துக் கொடுத்த புத்தகத்தைத் தங்கை கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறாள். பல்லக்காவுக்கு அதுதான் உறுத்தியது.

கிழவர் ஏன் கை தூக்கவில்லை என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. கேட்க ஆளில்லாமல் பல காலமாக அவளிடமே கிடந்தது. கேட்க ஓர் ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதும் அவள் அதைச் சொல்லவில்லை. எழுந்து போய்க் குஷனைத் தூக்கினாள். மூன்றாம் பாகத்தை எடுத்து வந்து மழைக்காரியின் நனைந்த பைக்குள், துண்டில் சுற்றித் திணித்தாள்.

அந்தப் பெண் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

"நீ முதல்ல படி" என்றாள் பல்லக்கா. 'ங்க' போன இடம் தெரியவில்லை. "முழுசா முடி. அவகிட்ட மூச்சு விடாத."

தங்கை உள்ளே வந்தாள். "என்ன ரெண்டு பேரும் இப்படி உக்காந்திருக்கீங்க? என்ன பேசினீங்க?"

"மழையப் பத்தி" என்றாள் பல்லக்கா.

மழைக்காரி பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டாள். டீ வந்தது. தங்கை அந்தப் பாவியை இன்னொரு முறை திட்டினாள். இந்த முறை அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் தத்தம் டீயைப் பார்த்தார்கள்.

அவர்கள் போன பிறகு, சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்த கணவர் சோபாவில் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "சரி, குடுக்கறதுன்னு ஆயிடுச்சு. கூடப் பொறந்தவளுக்குக் குடுத்திருக்கலாம்ல? இல்ல, ரெண்டு பேர் கையிலயும் சேத்துக் குடுத்திருக்கலாம். ஒரே வீட்டுல இருக்கறவங்கள்ல ஒருத்திக்கு மட்டும் ஒளிச்சுக் குடுத்தா, அது பாசமா, பழியா?"

அவர் பூட்டுக்காரர், திறக்காததை விட்டுவிடும் பழக்கம் இல்லாதவர். பிறகும் பல முறை, பல விதமாகக் கேட்டுப் பார்த்தார். அந்தப் பூட்டு திறக்கவில்லை. தங்கையிடம் மூன்றாம் பாகம் எப்போது போனது, அதற்குள் அந்த வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் என்ன ஆனது என்று அவள் விசாரிக்கவும் இல்லை.