பூச்சு காய்வதற்குள்

மஞ்சக்குட்டையில் சவாரியை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து பழனி போனில் கூப்பிட்டான். “தனலட்சுமி அக்கா போயிட்டாங்கண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம். ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.” எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. “அந்தக் கார்க்காரனுக்குச் சொல்லியாச்சா?” என்று கேட்டேன். பழனி போனை வைத்துவிட்டான்.

ஏற்காட்டில் டாக்ஸி ஓட்டுகிற உங்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காப்பி எஸ்டேட்டில் வேலை பார்த்தவர், கணவர் இறந்தபிறகு ஏரி ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்தார். கார் முழுவதையும் கழுவுவார் என்றாலும் பெயர் வாங்கியது சக்கரத்தில்தான். சேர்வராயன் கோயிலிலிருந்து இறங்கி வந்த சூட்டோடு சக்கரத்தில் வாளித் தண்ணீரை ஊற்றுவது நம் ஆட்களின் வழக்கம். அக்கா பார்த்தால் வாளியைப் பிடுங்கிவிடுவார். “சூடு ஆறட்டுமுங்க. காய்ச்சக்காரன் தலையில பச்சத்தண்ணி ஊத்துவீங்களா?” என்பார்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவரிடம் போனால் திட்டு நிச்சயம். நாம் சக்கரத்துக்குச் சந்தனம் வைப்பதாக நினைத்து நட்டு, போல்ட் எல்லாவற்றையும் அப்பி மூடிவிடுவோம். அது காய்ந்து கல்லாகிக் கிடக்கும். ஒருமுறை என் வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு நட்டாகச் சுரண்டிக்கொண்டே, “சாமி கும்பிடுங்க தம்பி, வேண்டாங்கல. சாமி இத்தனை சந்தனம் கேட்டாருங்களா?” என்றார். ஸ்டாண்டே சிரித்தது.

கழுவித் துடைத்தபின் அலாய் சக்கரங்களுக்கு ஒரு பூச்சு போடுவார். பிரேக்கிலிருந்து உதிரும் கரித்தூள் ஒட்டாமல் இருப்பதற்காக. ஸ்பிரே அடிக்கமாட்டார், துணியில் தொட்டுத்தான் தேய்ப்பார். அந்தப் பூச்சு பிரேக் தட்டில் பட்டால் வழுக்கும் என்ற பயம் அவருக்கு உண்டு. அதனால் காயும்வரை வண்டியைத் தரமாட்டார். காய்ந்தபிறகு அவரே முன்சீட்டில் ஏறிக்கொண்டு, மெதுவாக ஓட்டச் சொல்லி, நாலைந்து முறை பிரேக்கை மிதிக்கச் சொல்வார். பிரேக் பிடித்தால்தான் இறங்குவார்.

இந்தக் கோடைக் கூட்டத்தில் ஒரு குடும்பம் காரைக் கழுவ விட்டது. அக்கா பூச்சுப் போட்டு முடித்த சற்று நேரத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். மலை இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் நிற்காமல் தடுப்புச் சுவரில் மோதியது. பெண் குழந்தைக்குக் கால் முறிந்தது. மறுநாள் காரை ஓட்டிய குழந்தையின் அப்பா கடை வாசலில் நின்று, “பிரேக்குல எண்ணெய தடவி எங்களக் கொல்லப் பாத்தியா?” என்று கத்தினார். காரைப் பார்த்த மெக்கானிக், ஈரமாக இருந்திருக்கலாம், வேகமாக இருந்திருக்கலாம், பூச்சாகவும் இருக்கலாம் என்றார். ஊர் அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டது. அப்புறம் நம் ஸ்டாண்டு வண்டிகள்கூட அக்கா கடைப் பக்கம் குறைந்துபோனது உங்களுக்கே தெரியும்.

அக்கா யாரிடமும் வாதாடவில்லை. பூச்சு போடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். ஒருநாள் என் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, “ஏனுங்க தம்பி, ஒரு சொட்டு பிரேக்குல பட்டிருக்குமுங்களா?” என்று கேட்டார். பட்டிருக்காது என்றேன். “அந்தப் புள்ள நடக்குதுங்களாமா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அக்கா மறுபடி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டார்.

வாழவந்தியில் அக்காவின் வீட்டில் காரியம் முடிந்த அன்று அவர் மகள் கவிதா என்னிடம் வந்தாள். “மாமா, அம்மா மேல தப்புங்களா? எனக்கு மட்டும் சொல்லுங்க.” நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கால் முறிந்த அந்தக் குழந்தையின் தாய். தனியாகத்தான் வந்திருந்தார்.

“பாப்பா இப்ப நடக்குறா. அத அவங்ககிட்ட சொல்லலாம்னுதான் கடைக்குப் போனேன். அங்கதான் விஷயம் தெரிஞ்சுது” என்றார். பிறகு, யாரும் கேட்காமலேயே சொன்னார். “காயல, போகாதீங்கன்னு அவங்க கார் முன்னாடி வந்து நின்னாங்க. எங்க வீட்டுக்காரர் ஹாரன் அடிச்சு அடிச்சு அவங்கள ஒதுங்க வச்சாரு. நான் பக்கத்துலதான் உட்காந்திருந்தேன்.”

கவிதா அவருக்கு உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அதன்பிறகுதான், “இத எங்கம்மா இருக்கயில வந்து சொல்லியிருக்கலாமுங்களே” என்று உடைந்து அழுதாள். அந்தப் பெண்ணும் அழுதார். நான் வெளியே வந்து நின்றேன். எனக்கு யார்மீது கோபப்படுவது என்று தெரியவில்லை. அன்று பிரேக்கில் பூச்சு பட்டதா இல்லையா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஹாரன் அடித்தபோது அக்கா ஒதுங்கியது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

இப்போதெல்லாம் என் வண்டிக்கு முன்னால் யாராவது கையைக் காட்டி நின்றால் நான் ஹாரனைத் தொடுவதில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, என்னவென்று கேட்கிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.