உரிந்தவை மூன்று, உரியாதது ஒன்று: திரிங்காப்பில் ஒரு சனிக்கிழமை

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை கேமரன் மலைக்குப் போனேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. அங்கே திரிங்காப்பு என்ற ஊரில் செவ்வந்தி பயிரிடும் முனியாண்டி அண்ணன் தொலைபேசியில், "நீ பூசிட்டுப் போனத ஒருக்கா வந்து பாரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் கிள்ளானில் பூச்சு தயாரிக்கும் ஒரு சின்னக் கூடத்தில் வேலை செய்கிறேன். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பசைப்பொருளைக் கரைத்துத் தண்ணீர் டிரம்மின் உட்புறம் பூசினால் வழுவழுப்பும் பாசியும் பிடிக்காது, சொட்டுக் குழாய் அடைக்காது. மூன்று மாதத்துக்கு முன் அண்ணனின் நான்கு நீல டிரம்களுக்கும் நானே பூசிக் கொடுத்தேன். ஐப்போவில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் பூ தருவதாக அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்தப் பூவுக்கு இந்தத் தண்ணீர்தான்.

கோலாலம்பூரில் காலை ஏழரை மணிப் பேருந்து, 38 மலேசிய வெள்ளி. பன்னிரண்டு மணிக்குத் தானா ராத்தா. அங்கிருந்து திரிங்காப்புக்கு டாக்சி 35 வெள்ளி. பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் வழியில் பிரிஞ்சாங் ஊர் நெரிசலில் நாற்பது நிமிடம் ஆனது.

"சனிக்கெழம வந்தா இப்படித்தான்லா. ஸ்ட்ராபெரி பறிக்கவா?" என்றார் ஓட்டுநர்.

"டிரம் பார்க்க."

அவர் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

முதல் டிரம்மை எட்டிப் பார்த்தேன். பாலில் ஆடை மிதப்பதுபோல என் பூச்சு தாள் தாளாக மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அது நைந்து, வடிகட்டியையும் தாண்டிக் குழாய்க்குள் போயிருந்தது. கொட்டகைக்குள் எட்டு வரிசைச் செவ்வந்தியில் இரண்டு வரிசை தலை தொங்கிக் காய்ந்து கிடந்தது. அண்ணன் காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சரசு அண்ணி என் கையில் ஒரு குண்டூசியைக் கொடுத்தார்.

"மொதல்ல கொழாய் ஓட்டைய குத்தி விடு. அழுவுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

இரண்டு மணி நேரம் நானும் அவரும் ஒவ்வொரு சொட்டுவாயாகக் குத்தினோம். மிச்சம் ஆறு வரிசைக்கும் தண்ணீர் இறங்கியது. அதன் பிறகுதான் நான்காவது டிரம்மைத் திறந்தேன். உண்மையில் ஆடிப்போனேன். பூச்சு அப்படியே இருந்தது. நகத்தால் கீறினேன், தேங்காய் நாரால் தேய்த்தேன், குழாயை வைத்துப் பீய்ச்சினேன். ஓர் ஓரம்கூடக் கிளம்பவில்லை.

அது தேயிலைத் தூள் டிரம். அண்ணி முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பிரிவில் இருந்தவர். அங்கே கழிக்கும் தூளை வாங்கி வந்து, செடிக்கு விட அதில்தான் ஊறவைப்பாராம். உள்ளே காப்பி நிறத்தில் கறை. பூசிய அன்று அதைப் பார்த்து, "என்ன அண்ணி, இவ்வளவு அழுக்கா வச்சிருக்கீங்க" என்று கத்தியிருந்தேன். மற்ற மூன்றையும் பளபளவென்று தேய்த்த பிறகு மழை பிடித்துக்கொண்டதால் இதை மட்டும் கறையோடே பூசிவிட்டேன்.

விஷயம் இதுதான். நனைந்த சுவரில் ஒட்டுத்தாள் நிற்காது, ஏனென்றால் தண்ணீர் இடையில் புகுந்துகொள்கிறது. சுத்தமான பிளாஸ்டிக்கில் என் பூச்சுக்கு நடந்ததும் அதேதான். தேநீரில் நாக்கை இழுக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அது ஒரு பக்கம் பிளாஸ்டிக்கையும் மறுபக்கம் இறால் பசையையும் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை இடையில் விடாது. இதைப் படித்தவள் நான். படித்து என்ன பயன்? "பரப்பை மாசில்லாமல் கழுவவும்" என்று எங்கள் டப்பாவில் முதல் வரியாக எழுதியவளும் நானே.

துள்ளிக் குதித்துக்கொண்டு அண்ணியிடம் ஓடினேன். மற்ற மூன்றிலும் தேயிலைத் தண்ணீர் விட்டுப் பூசிவிடலாம், இது நல்லா ஒட்டும் என்றேன்.

"நல்லா ஒட்டும்னு போன தடவையும் நீதான சொன்ன?" என்றார். குரல் உயரவே இல்லை. "ஒட்டுனதும் வேணாம்மா, உரிஞ்சதும் வேணாம்லா. அதையும் சொரண்டிட்டுப் போ."

நாலரை மணி வரை சுரண்டினேன். நகம் உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் அண்ணன் குழாயைக் கழற்றி, அந்த டிரம்மை உருட்டிக்கொண்டு போய் லோரி நிற்கும் இடத்தில், வேண்டாத சாமான்களோடு கவிழ்த்து வைத்தார். என் வேலையில் நான் பார்த்த மிகச் சிறந்த ஒட்டு அது.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம், வார நாளில் போங்கள். நான் திரும்பிய பேருந்து ஐந்தரைக்கு, அதே 38 வெள்ளி. டாக்சியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மாலையில் குளிரும், ஒரு சட்டை கூடுதலாக இருக்கட்டும். என்னைப் போலப் பூச்சு விற்பவர்களுக்கு ஒன்று: அடுத்தவர் தண்ணீரில் கை வைக்கும் முன் உங்கள் வீட்டு டிரம்மில் பூசிப் பாருங்கள். ஐந்து வருடமாக விற்கிறேன். என் வீட்டு டிரம்மில் போன வாரம்தான் பூசினேன்.