வரைபடத்தில் வெற்று ஓட்டைகள்

போர் தொடங்கி ஏழு மாதம். படைகள் நிற்கும் இடங்களைத் தினமும் காலையில் சுவர் வரைபடத்தில் தளபதியே குண்டூசியால் குத்துவார். வேறு யாரையும் தொட விடமாட்டார். அன்று, மகள் வாங்கித் தந்த புதுப் பூதக்கண்ணாடியோடு நெருங்கியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒவ்வோர் ஊசிக்குப் பக்கத்திலும் ஒரு வெற்று ஓட்டை.

“யாருய்யா இதெல்லாம் நகத்துனது?”

இளம் துணைத்தளபதி விறைப்பாக நின்றான். “நான்தான் ஐயா. ஒரு மாசமா நீங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் குத்திடுறீங்க.”

“ஏன் சொல்லல?”

“மனசு வரல ஐயா.”

சுர்ரென்று ஏறிய கோபம் அப்படியே இறங்கியது. ஊசி டப்பாவை அவன் கையில் திணித்து, தன் நாற்காலியையும் அவன் பக்கம் தள்ளினார்.

“உக்காருய்யா. மேலிடத்துக்கு நான் எழுதிக்கிறேன். ஒரு மாசமா சண்டைய நீதான் நடத்துற. நான் சுவத்துல ஓட்டை போட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.”