அதிகாரிக்குப் போட்ட நாற்காலி

நாங்கள் ஏழை என்பது குற்றாலத்தில் எல்லோருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது. அறுபதுகளின் தொடக்கத்தில் அதைத் தெரிந்துகொள்ள ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தென்காசியிலிருந்து சைக்கிள் மிதித்து வருவார். அவர் எழுதுவதை வைத்துத்தான் எனக்கு உபகாரச் சம்பளம். அது வந்தால் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. வராவிட்டால் அம்மாவோடு பங்களா பெருக்கப் போக வேண்டியதுதான்.

அப்பா அருவிக்கரையில் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். சாரல் விழும் மாதங்களில்தான் பிழைப்பு. மற்ற மாதங்களில் இருமல். ஈரத்திலேயே நின்று வாங்கிக்கொண்ட இருமல் அது.

இன்ஸ்பெக்டர் வந்தது நல்ல சீசனில். தலையாரி முந்தின நாளே வந்து சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அதிகாரி வீட்டுக்கு வாராவ. தரையிலயா உக்காரச் சொல்லுவ?" என்று அம்மாவை விரட்டினார்.

அம்மா தான் பெருக்கும் பங்களாவில் ஒரு பிரம்பு நாற்காலியும் பீங்கான் கோப்பையும் கேட்டு வாங்கி வந்தாள். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் கம்மல். காப்பி, கூடவே முறுக்கு. அப்பா சலவை வேட்டியைக் கட்டிக்கொண்டு, "ஆண்டவன் புண்ணியத்துல ஒரு கொறையும் இல்ல ஐயா" என்றார். வீடு தேடி வந்தவர் சௌக்கியமா என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் வேறு பதில் கிடையாது.

உபகாரச் சம்பளம் இல்லை என்று தாக்கல் வந்தது. அம்மா தலையாரியைப் போய்ப் பார்த்தாள்.

"பிரம்பு நாற்காலியும் பீங்கான் கோப்பையும் வச்சா அவரு என்னத்த எழுதுவாரு, தாயி?" என்றார் அவர்.

அம்மா இதை அப்பாவிடம் சொல்லவில்லை. நாற்காலி அவர் ஆசை. என்னையும் சொல்லவிடவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் பங்களா பெருக்கினேன். பதினான்கு வயதில் இடுப்பு வலி என்றால் யார் நம்புவார்கள்? யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமலே கோபப்பட்டு அலுத்துப்போனேன்.

அடுத்த வருஷத்துக்கு மறுபடி மனுப் போட்டோம். அதே இன்ஸ்பெக்டர் இந்தத் தடவை பங்குனி வெயிலில் வந்தார். அருவி வற்றிப் பாறை தெரிந்தது. அப்பா உள்ளே படுத்துக் கிடந்தார். ஊசி போட வேண்டும், பாலும் முட்டையும் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நல்ல யோசனைதான்.

அம்மா வாசலை மறித்து நின்றாள். 'வாங்க' என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் பகையாளி வந்தாலும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடுவார்கள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து அப்பா இருமிக்கொண்டே குரல் கொடுத்தார்.

"யாருட்டி வந்திருக்கா? உக்காரச் சொல்லு. தண்ணி குடு."

நான் செம்பை எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கூட வந்த தலையாரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் ஏதோ எழுதிக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

பணம் வந்தது. நான் பள்ளிக்கூடம் போனேன். பஸ் ஏறாமல் நடந்து மிச்சம் பிடித்ததில் அப்பாவுக்குப் பால் வாங்கினோம். அது அரசாங்கத்துக் காசு என்று அவருக்குத் தெரியும், எப்படி வந்தது என்று தெரியாது. சொல்லியிருந்தால் அந்தப் பாலைத் தொட்டிருக்க மாட்டார். அதனால் அம்மா கடைசிவரை சொல்லவேயில்லை. அவர் தினமும் பாலைக் குடித்துவிட்டு அவளை ஏசுவார்.

"வீடு தேடி வந்த மனுசன வான்னு கூப்பிடத் தெரியாதவ. எம் மானத்த வாங்கிட்டா."

அம்மா தம்ளரை வாங்கிக் கழுவி வைப்பாள்.