நீல உப்புக்குள் இருந்த தண்ணீர்

அந்த ஐயா சிரித்த சிரிப்பை முத்துலிங்கம் இன்னும் மன்னிக்கவில்லை. வருசங்கள் போய்விட்டன, நெஞ்சில் தைத்த முள் மட்டும் அப்படியே கிடக்கிறது.

முத்துலிங்கம் ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். தங்கச்சி இராஜகுமாரிதான் படித்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியையாக விஞ்ஞானம் படிப்பித்தாள். கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி ஐயா வந்து, அவள் பாடம் நடத்துவதைப் பார்த்துச் சரி சொன்னால்தான் வேலை நிரந்தரம்.

பள்ளிக்கூடத்தில் தராசு கிடையாது. ஐயா வருவதற்கு முதல் நாள் அண்ணனும் தங்கச்சியும் கண்டிக்குப் போய்த் தராசையும் ஒரு போத்தல் செப்பு சல்பேற்று என்ற நீல உப்பையும் இரவல் வாங்கி வந்தார்கள். பஸ்ஸில் அவர் கேட்டார்.

"மூல் மூலுங்கிறியே, என்னா புள்ள அது?"

"டசின் மாதிரிண்ணே. ஒரு டசின் பூசணியும் ஒரு டசின் தக்காளியும் எண்ணிக்கையில ஒன்னு, நிறை வேற. ஒரு மூல் எத்தன கிராமுன்னு பொருளுக்குப் பொருள் கணக்கு இருக்கு. அது தெரிஞ்சா எண்ண வேணாம், நிறுத்தாப் போதும்."

"கொழுந்த எவன் எண்ணிப் பாத்தான். சரிதான்."

மறுநாள் முத்துலிங்கம் வகுப்பு ஜன்னலோரம் நின்றார். பாடத்துக்கு அந்த உப்பில் பத்தில் ஒரு மூல் வேண்டும். ஒரு மூல் நூற்றறுபது கிராம் என்று பலகையில் எழுதி, பதினாறு கிராம் நிறுத்துக் காட்டினாள் இராஜகுமாரி.

ஐயா கதிரையை விட்டு எழும்பினார். "நீல உப்புக்குள்ள தண்ணி இருக்கே டீச்சர். அதையும் சேத்தா ஒரு மூல் இருநூத்தம்பது. இருபத்தஞ்சு கிராம் நிறுக்கணும்." பிறகுதான் சிரித்தார். "கொழுந்துக்குத் தண்ணி கழிக்கிறதப் பாத்து வளந்த ஆள்தானே? உப்புக்குச் சேக்கத் தெரியாதா?"

பிள்ளைகளும் சிரித்தார்கள்.

தண்ணீர்க் கழிவென்று தோட்டத்தில் அம்மா பறித்த கொழுந்தின் நிறையில் கிலோக்கணக்காய் வெட்டினார்கள். மழைக்கும் வெட்டினார்கள், வெயிலுக்கும் வெட்டினார்கள். ஏனென்று கேட்க ஒரு நாய் வந்ததில்லை. மகள் கணக்கில் தண்ணீரை விட்டுவிட்டதற்கு மட்டும் வேன் பிடித்து ஆள் வந்தது.

"படிச்சுத்தான் இருந்தேண்ணே," என்றாள் அவள் அன்று சாயங்காலம். "தொட்டுப் பாத்தா காஞ்சுல்ல கிடந்துச்சு. அந்த உப்ப கையில எடுத்ததே இன்னைக்குத்தான்."

வேலை நிரந்தரமாகவில்லை. அடுத்த வருசமும் ஐயா தலையாட்டவில்லை. இராஜகுமாரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

கண்டி பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றும்போதும் முத்துலிங்கம் ஏசிக்கொண்டே இருந்தார். "அவன் வாயில மண்ணு விழ."

"கணக்கு அவர் சொன்னதுதாண்ணே சரி. சிரிச்சதுதான் தப்பு."

பஸ் உறுமியது. அவள் ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினாள்.

"என் எடத்துக்கு நிலூஷான்னு ஒரு புள்ள வருது. அதையும் பாக்க வருவாங்க. தராசையும் உப்பையும் ஒரு மாசம் முந்தியே கொண்டாந்து குடுத்துருங்கண்ணே. நிறுத்துப் பழகட்டும்."