இறைச்சி பெஞ்சிலிருந்து வந்த சொல்

டிக்கோயாவுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அம்மன் திருவிழா முடிந்த மறுநாள் கிடா வெட்டுவார்கள். கோயிலுக்குக் கீழே பெஞ்சு போட்டு, வாழையிலைகளில் இறைச்சியைக் கூறு வைப்பார்கள். அடுப்புக்கு ஒரு கூறு. வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

போன வருடம் கொழும்பிலிருந்து திருவிழாவுக்குப் போயிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அத்தை ஒருவர், வேலையிலிருந்து நின்றவர், மகனோடு மனஸ்தாபப்பட்டுப் பின்பக்கத்தில் தனி அடுப்பு வைத்திருந்தார். கூறு கிடைத்தால் அவரும் ஒரு குடும்பம் என்று லயம் ஒப்புக்கொண்டதாகும். சட்டியோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

அப்போது தோட்டத்தை நிர்வகிக்க வந்த புதிய துரை ஜீப்பில் வந்து இறங்கினார். பேச்சுச் சத்தம், ஈ, நாய். மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஷேம்பிள்ஸ்" என்றார். ஒரே குழப்பம் என்று சொல்ல நினைத்தார்.

பத்திரிகை அலுவலகத்தில் அந்தச் சொல்லோடு எனக்குப் பழக்கம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அது உட்காரும் சிறு பலகை. பிறகு கசாப்புக்காரர் இறைச்சி பரப்பி விற்கும் பெஞ்சு. பிறகு இறைச்சிச் சந்தை, வெட்டுமிடம், ரத்தக்களரி. போன நூற்றாண்டில்தான் வெறும் அலங்கோலமாக இளைத்தது. துரையின் முன்னால் இருந்தது அந்தப் பழைய பெஞ்சு, நல்ல ஒழுங்கோடு. அது தெரியாதது பெரிய குறையில்லை. திருத்தக் கிளம்பினாரே, அதுதான்.

"எல்லாம் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நிக்கிற மாதிரி நில்லுங்க. வேலை செய்றவங்க பேருக்கு ஒரு பங்கு."

கோயில் கமிட்டித் தலைவர் கையைக் கட்டிக்கொண்டார். "தொர சொன்னா சரிதாங்க."

மூன்று பேர் வேலைக்குப் போகும் வீட்டுக்கு மூன்று கூறு போனது. வேலையில் இல்லாதவர்கள் வெறும் சட்டியோடு நின்றார்கள். உண்மையான கூச்சல் அதன் பிறகுதான் எழுந்தது. அதற்குள் துரை ஜீப்பில் ஏறிவிட்டார். கூடவே ஒரு தொடைக்கறியும் ஏறியது. அது யார் பேருக்கு என்று தலைவரிடம் கேட்டேன்.

"அது மரியாதைங்க."

அத்தை அவரை விடவில்லை. "எனக்கு எங்க தம்பி?"

"ஒங்களுக்குத்தான் பேரில்லையே அக்கா."

"திருவிழா வரி வாங்க வந்தப்ப மட்டும் எங்க அடுப்பு தெரிஞ்சிச்சாக்கும்?"

தலைவர் இலைகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

மகன் வீட்டுக்கு இரண்டு கூறு கிடைத்திருந்தது. மருமகள் அதில் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். "வச்சுக்குங்க அத்தே."

"கூறுன்னா கமிட்டி குடுக்கணும். ஒன் கையால வந்தா அது ஒன் வீட்டுக் கறி. எடுத்துட்டுப் போ."

அன்று பின்பக்க அடுப்பில் பருப்பு வெந்தது.